பந்திக்கு எத்தனை பேர்

குனோங் ராபாட், ஈப்போ
19 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். சைபர்ஜெயாவில் உங்களுக்கு அறையும் சாப்பாடும் ஒத்துப்போகின்றனவா? அம்மாவின் முழங்கால் வலி மழை நாளில் மட்டும்தான் வருகிறது. ஆனால் இங்கே தினமும் மழை.

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். தொலைபேசியில் சொன்னால் போதாதா என்று கேட்டீர்கள். நம் வீட்டுத் தொலைபேசி ஒலிபெருக்கியில்தான் பேசும். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அம்மா உங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்பார், அப்பா தொலைக்காட்சியைக் குறைக்கச் சொல்வார். வாட்சப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் கட்டைவிரல் படம்தான் அனுப்புகிறீர்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது.

உங்கள் பயிற்சியை நடத்தும் புஷ்பலதா மேடம் இந்தக் களக்குறிப்புகளைப் படிப்பார் என்றீர்கள். அதனால் ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி முதலில் இருந்து தொடங்குகிறேன். என் அண்ணன் தனேஷ் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டுத் திட்டமாக ஒரு கணினி நிரல் எழுதினார். ஒரு கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்தவர்களின் பட்டியலை அதில் போட்டால், எத்தனை பேர் உண்மையில் இலை முன்னால் வந்து உட்காருவார்கள் என்று அது சொல்லும். குங்குமத் தட்டோடு வீட்டுக்குப் போய்க் கொடுத்த அட்டையா, தொலைபேசியில் அனுப்பிய படமா, வீடு எவ்வளவு தூரம், அன்றைக்கு வேறு கல்யாணம் உண்டா, பள்ளி விடுமுறையா என்று எல்லாவற்றையும் பார்க்கும். பார்த்த வேலையை விட்டுவிட்டு, அதை ‘பந்தி’ என்ற நிறுவனமாக ஆக்குவதற்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அவருடைய முதல் வாடிக்கையாளர் எங்கள் அப்பா கனகராஜ். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஈப்போவில் கல்யாணச் சமையல் குத்தகை எடுக்கிறார். அவர் விரும்பி வாடிக்கையாளர் ஆகவில்லை. அம்மா ஆக்கினார்.

நேற்றைய கல்யாணத்துக்கு நிரல் சொன்ன எண் 430.

“நானூத்தி முப்பதா?” என்றார் அப்பா. “நானூத்தி முப்பத்தி ஒண்ணாவது ஆளு வந்தா உங்க அண்ணன் போனுக்குள்ள இருந்து சோறு போடுவானா?”

“பத்து பேருக்குக் கூட சேத்துச் சமைங்க. ஆனா அதுக்கு மேல வேணாம். பையன் கேட்டுக்கிட்டான்ல?” என்றார் அம்மா. அப்பா தலையை ஆட்டினார்.

மண்டபத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் நான், மற்றதில் என் வகுப்புத் தோழி முஹ்ஸினா. கடை வரிசையில் உணவகம் வைத்திருக்கும் சிக்கந்தர் மாமாவின் மகள். ஆளுக்கு ஓர் எண்ணும் கருவி. ஓர் ஆள் நுழைந்தால் ஓர் அமுக்கு.

“பேபிய சேக்கணுமா?” என்று அங்கிருந்து கத்தினாள்.

“இலை போட்டு உக்காந்தா சேத்துக்கோ.”

“மடியில உக்காந்து அம்மா இலையில கைய வைக்கிற பேபி?”

“அது அரை.”

“அரைய எப்படிலா அமுக்குறது?”

வந்தவர்கள் 441. சமையல் சரியாகப் போய்விட்டது என்று அப்பா சொன்னார். மீந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம் இருந்ததால் முன்பே கிளம்பிவிட்டேன். ஆகவே அப்பா சொன்னதை ‘அப்பா சொன்னது’ என்றே பதிவு செய்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

உங்கள் தங்கை,
ஷர்மினி

*

சைபர்ஜெயா
27 ஜனவரி 2026

அன்புத் தங்கை மினிக்கு,

நலம். முழங்காலுக்குத் தடவும் அந்த எண்ணெயை விட்டுவிட்டு அம்மாவை மருத்துவரிடம் போகச் சொல். கட்டைவிரலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இதோ, பேனா.

430க்கு 441! இங்கே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆனால் புஷ்பலதா மேடம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “எண் சரியா வந்துச்சு, சரி. அதனால யாருக்கு என்ன மிச்சமாச்சு?” எண்ணை மட்டும் யாரும் வாங்கமாட்டார்களாம். வீணாகாத சோற்றைக் காட்டினால்தான் வாங்குவார்களாம். இங்கே பன்னிரண்டு குழுக்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான்கு குழுக்களுக்குத்தான் இடம். இடம் கிடைக்காவிட்டால் நான் வேலையும் இல்லாமல் நிறுவனமும் இல்லாமல் வீட்டுக்கு வருவேன்.

அதனால் இனி ஒவ்வொரு கல்யாணத்திலும் மீந்த சோற்றை எடைபோட்டு எழுது. அதுதான் முக்கியம். நீ கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பதைக் கற்பனை செய்தால் சிரிப்பு வருகிறது. சிரித்ததற்கு மன்னிப்பு.

அப்பாவுக்கு என் அன்பு.

அண்ணன்,
தனேஷ்

*

குனோங் ராபாட்
9 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா மருத்துவரிடம் போனார். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் எடுத்துக்கொள்கிறார், எண்ணெயையும் விடவில்லை. தைப்பூசத்துக்கு நீங்கள் வரவில்லை என்று வருத்தப்பட்டார். கல்லுமலைக் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். நிறுவனத்தின் பெயருக்கும் செய்யலாமா என்று ஐயரிடம் கேட்டேன். நட்சத்திரம் கேட்டார்.

நேற்று தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். நிரலின் எண் 610. வந்தவர்கள் 598. நல்ல மழை. அதே நேரத்தில் ஈப்போவில் வேறு இரண்டு கல்யாணங்கள். இரண்டையும் உங்கள் நிரல் சரியாகக் கணக்கில் எடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வாசலில் ஓர் அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா இது, சாமி பேர எண்ணுறியா?” என்றார். இல்லை அத்தை, வருகிறவர்களை எண்ணுகிறேன் என்றேன். “எண்ணாதம்மா, கண்ணு படும்” என்று சொல்லிவிட்டு, தன் பின்னால் வந்த ஆறு பேரையும் வேறு வாசலுக்குக் கூட்டிப்போனார். முஹ்ஸினா அவர்களை அங்கே எண்ணிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தம்பி பாயசம் நான்கு முறை வாங்கினார். யாரும் எண்ணச் சொல்லவில்லை என்றாலும் எண்ணினேன்.

மீந்த சோற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுத்துப் பார்க்கத் தராசு வசதிப்படவில்லை.

படிவம் நான்கில் கணக்கியல் எடுக்கலாமா, இலக்கியம் எடுக்கலாமா என்று ஆசிரியர் கேட்கிறார். இலக்கியம் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஷர்மினி

*

சைபர்ஜெயா
14 பிப்ரவரி 2026

மினி,

இங்கே நலம். இருமல் மட்டும். அம்மாவிடம் சொல்லாதே.

பெரிய செய்தி. பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஏழு கல்யாண மண்டபங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்து ஜெயபாலன் என்பவர் இங்கே வந்தார். நம் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. ஏழு மண்டபங்களிலும் சமையல்காரர்கள் ‘பந்தி’ சொல்லும் எண்படிதான் சமைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம் என்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு மீந்தது?

அதற்குத்தான் உன்னை நம்பியிருக்கிறேன். உன் கடிதத்தில் பாயசம் நான்கு முறை இருக்கிறது, சோறு இல்லை. தராசு அப்பாவின் சமையற்கட்டில் காய்கறி மேசைக்குக் கீழே இருக்கும். ஒரு வரி எழுது போதும்.

அன்புடன்,
தனேஷ்

*

குனோங் ராபாட்
2 மார்ச் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பள்ளியில் சோதனை இருந்தது. இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் அவரே கேட்டுவிட்டார்.

நேற்றைய கல்யாணத்துக்கு நிரல் சொன்னது 505. வந்தவர்கள் 512. வெயில். வேறு கல்யாணம் எதுவும் இல்லை.

முஹ்ஸினா நோன்போடு நின்றாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேரைச் சாப்பிட உள்ளே அனுப்பியது அவள்தான். பன்னிரண்டு மணிக்கு வேனில் இருந்து இறக்கிய வடையின் வாசனை வந்தது. “மூக்கால சாப்பிட்டா நோன்பு முறியுமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். “ஒனக்கு எல்லாம் தெரியும்னுதான் ஒங்கூட சேந்தேன், இதுகூட தெரியலையா?” என்றாள். அவளுக்குப் பதிலாக வேறு ஆள் தேடுகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டாள். உங்கள் நிறுவனம் வளர்ந்தால் தனக்கு வாசல் மேலாளர் பதவி வேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

பொண்ணு வீட்டார் மண்டபத்தில் நாற்காலிகளுக்கு ஊதா நிறத் துணி போட்டிருந்தார்கள். மேளக்காரர் ஒருவர் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் தூங்கினார்.

மீந்தது சிறிதளவு.

அப்பா நலம். அம்மா நலம்.

தங்கை,
ஷர்மினி

*

சைபர்ஜெயா
7 மார்ச் 2026

என் அருமை வாசல் மேலாளர்களுக்கு,

610க்கு 598, 505க்கு 512! மூன்றிலும் மூன்று விழுக்காட்டுக்குள். புஷ்பலதா மேடம் இன்று முதல் முறையாகச் சிரித்தார்.

நீ எழுதிய ‘சிறிதளவு’ என்பதை ஐந்து விழுக்காடு என்று போட்டிருக்கிறேன். சரிதானே? அப்பாவின் பழைய வழக்கப்படி நான்கில் ஒரு பங்கு மிஞ்சும். அதை ஐந்தாகக் குறைத்திருக்கிறோம் என்பதுதான் என் விளக்கப்படத்தின் முதல் பக்கம். ஜெயபாலன் 31ஆம் தேதி கையெழுத்துப் போடுகிறார். ஏழு மண்டபம், மினி! அப்பாவிடம் நீயே சொல். நான் தொலைபேசியில் சொன்னால் குரல் உடைந்துவிடும்.

இருமல் போய்விட்டது.

தனேஷ்

*

குனோங் ராபாட்
15 மார்ச் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைத் தொடங்கியதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

தராசு வசதிப்படவில்லை என்று எழுதினேன். தராசு மேசைக்குக் கீழேயே இருந்தது. ‘சிறிதளவு’ என்று எழுதினேன். அது சிறிதளவு இல்லை. மூன்று கல்யாணத்திலும் அப்பா உங்கள் எண்ணுக்குச் சமைக்கவில்லை. எப்போதும்போல் தன் கணக்குக்குத்தான் சமைத்திருக்கிறார். அதிகப்படி அண்டா வேனுக்குள் நீலக் கித்தானுக்கு அடியில் இருந்தது. இரண்டாவது கல்யாணத்தன்று மழைக்கு ஒதுங்கி வேனுக்குப் பின்னால் போனபோது பார்த்தேன். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

“இத எழுதாதம்மா,” என்றார். “அவன் அங்க படிச்சவங்க முன்னாடி நிக்கிறான். பெத்த அப்பனே அவன் நம்பர நம்பலன்னு தெரிஞ்சா என்னா ஆவான்?”

நான் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று எழுதிய அதே கையால்தான் எழுதாமல் விட்டேன்.

நேற்று பத்துமலை மாமா நம் வீட்டுக்கு வந்தார். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் மாடு வளர்க்கிறாரே, அவர்தான். ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் மீந்த சோற்றை நீல டிரம்மில் எடுத்துப்போவார். அப்பா இல்லை. என்னிடம் பேசினார்.

“உங்கண்ணன் ஏதோ மெசின் கண்டுபுடிச்சிருக்கான், இனி சோறு மிஞ்சாதுன்னு உங்கம்மா சொன்னாங்க. நானும் புல்லுக்கு ஆள் பாத்தேன். எங்க கொறஞ்சதுலா? அப்பவும் நாலு டிரம்மு, இப்பவும் நாலு டிரம்மு. என் மாடு ரெண்டு வயிறு உப்பிக் கெடக்கு. மெசின்ல என் மாட்டையும் ஆளுன்னு சேத்துட்டானா?”

நான் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு உங்கள் மார்ச் 7 கடிதத்தை மறுபடி படித்தேன். 31ஆம் தேதி ஏழு மண்டபத்துச் சமையல்காரர்களும் ஒரு தாளில் கட்டப்படப்போகிறார்கள். அந்தத் தாளில் இருக்கும் ஐந்து விழுக்காடு என்னுடைய ஒரு சொல்லில் இருந்து வந்தது.

அப்பா வந்ததும், அண்ணனுக்கு எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தாப்பா ஊரில் ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னார். எனக்கு அப்போது நான்கு வயதாம். கடைசிப் பந்தியில் அறுபது பேர் வெறும் இலை முன்னால் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்களாம். பொண்ணோட அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் போய் மன்னிப்புக் கேட்டாராம்.

“அந்த மனுசன் என்னைய ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா பரவால்ல,” என்றார் அப்பா. “அதுக்கப்புறம் தாப்பால ஒரு வேல வரல. வந்தாலும் போயிருக்க மாட்டேன்.”

அண்ணா, இன்னொன்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதுவும் உண்மை. நான் மூன்று கல்யாணத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் எண்ணுக்கு மேல் ஒரு பத்துப் பதினைந்து பேருக்குச் சேர்த்துச் சமைத்திருந்தாலே எல்லாருக்கும் போதுமானதாக இருந்திருக்கும். நிரல் தவறவில்லை. அதன்படி யாரும் சமைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்மேல் கோபப்படுங்கள். அப்பாமேல் வேண்டாம்.

ஷர்மினி

*

குனோங் ராபாட்
24 மார்ச் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? 15ஆம் தேதி எழுதியது கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசினீர்கள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா நினைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நோன்புப் பெருநாளுக்கு முஹ்ஸினா வீட்டில் இருந்து ரெண்டாங் இறைச்சியும் பிஸ்கட்டும் வந்தன. உங்கள் பங்கை எடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்கட்டை மட்டும். ரெண்டாங் நாள் தாங்காது.

வேறு செய்தி இல்லை.

ஷர்மினி

*

சைபர்ஜெயா
3 ஏப்ரல் 2026

அன்புத் தங்கை மினிக்கு,

நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடனே எழுதியிருந்தால் பிறகு வருந்தும்படி எழுதியிருப்பேன். அதனால் எழுதவில்லை. நான்கு நாள் உன்மேல் கோபம். பிறகு அப்பாமேல். பிறகு, மூன்று மாதம் ஒரு தடவைகூட ஈப்போவுக்கு வந்து வேனுக்குப் பின்னால் எட்டிப் பார்க்காத என்மேல்.

புஷ்பலதா மேடத்திடம் சொன்னேன். ஜெயபாலனிடமும் நானே சொன்னேன். கையெழுத்து ஆகவில்லை. அவர் கத்தவில்லை. “எண்ணு சரிதான் தம்பி. ஆனா பெத்த அப்பாவே அதுபடி சமைக்கலன்னா, என் மண்டபத்துல எந்தச் சமையக்காரன் சமைப்பான்?” என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பெட்டியைக் கட்டினேன். மேடம் அறை வாசலில் வந்து நின்றார். மூன்று மாதத்தில் நான் கண்டுபிடித்த முதல் உருப்படியான விஷயம் இதுதான் என்றார். “சரியான நம்பரக் கொடுத்தும் ஒருத்தர் அத பயன்படுத்தலன்னா, அவருக்கு வேற என்னமோ தேவைப்படுது. அது என்னான்னு போய்க் கேட்டியா?”

கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்டால் அப்பா “ஒண்ணும் இல்லப்பா” என்பார். நீ கேள். என்ன கொடுத்தால் அந்த அண்டாவை வேனில் ஏற்றமாட்டார்? அவர் சொன்ன சொல் மாறாமல் எழுது.

பிஸ்கட்டை எறும்பு தின்றுவிடப்போகிறது. நீயே சாப்பிடு.

அண்ணன்,
தனேஷ்

*

குனோங் ராபாட்
13 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை சித்திரைப் புத்தாண்டு. வீட்டில் அனைவரின் வாழ்த்துகளும். அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. அது மாத்திரையாலா எண்ணெயாலா என்று வீட்டில் விவாதம்.

நீங்கள் கேட்ட கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். சொன்ன சொல் மாறாமல் எழுதுகிறேன்:

“நம்பரு சரியா இருக்கும்னு பத்து பேரு சொல்லலாம். தப்பாப் போற அன்னைக்கு இலை முன்னாடி நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அன்னைக்கு அர மணி நேரத்துல சோறு வரும்னு சொல்லச் சொல்லு உங்கண்ணன. அப்ப பேசலாம்.”

அப்போது முஹ்ஸினா பக்கத்தில் இருந்தாள். “அங்கிள், எங்க அத்தா கடையில வெள்ளிக்கிழம தொழுகை விட்டு எத்தன பேரு வருவாங்கன்னு எந்த போனும் சொல்லாது,” என்றாள். “அத்தா பாதி சோறுதான் வடிப்பாரு. பக்கத்து அடுப்புல தண்ணி கொதிச்சிக்கிட்டே கெடக்கும். கூட்டம் வந்தா அரிசிய தட்டுவாரு. வராட்டி அரிசி மூட்டையிலயே இருக்கும்.”

“அது கட, பாப்பா. அடுப்பு அங்கேயே இருக்கு. மண்டபத்துல அடுப்பு வைக்க எவன் விடுவான்? நான் வீட்டுல சமைச்சி ஏத்திட்டுப் போறவன்.”

“மண்டபத்துக்காரரே அடுப்பு வச்சிக் குடுத்தா?” என்றேன்.

அப்பா முருங்கைக்காயைக் கீழே வைத்தார். அதைப் பதிவு செய்கிறேன்.

இரவு நானும் முஹ்ஸினாவும் தாளில் போட்டுப் பார்த்தோம். நிரல் சொன்ன எண்ணுக்கு அப்பா சமைக்கட்டும். மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். அரிசி மூட்டையில் இருக்கட்டும். எங்கள் எண்ணும் கருவிகளை உங்கள் நிரலோடு இணைத்துவிட்டால், கூட்டம் அளவை மீறப்போகிறது என்று நிரலுக்கு முன்பே தெரியும். அந்த நிமிடமே சமையற்கட்டில் தொலைபேசி அடிக்கட்டும். முடியுமா அண்ணா?

தங்கை,
ஷர்மினி

*

சைபர்ஜெயா
20 ஏப்ரல் 2026

மினி,

முடியும். மூன்று நாளில் எழுதிவிட்டேன். முஹ்ஸினாவிடம் சொல், அவளுக்கு வாசல் பதவி போதாது.

ஜெயபாலனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இந்த முறை எண்ணை விற்கவில்லை. உங்கள் மண்டபத்தில் ஓர் அடுப்பு வையுங்கள், கடைசிப் பந்திக்கும் சூடாகச் சோறு வரும் என்று நாங்கள் பொறுப்பெடுக்கிறோம் என்றேன். ஈப்போ மண்டபத்தில் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்றார். 26ஆம் தேதி. எப்போது வருவேன் என்று சொல்லமாட்டாராம், ஆனால் சாப்பிட வருவாராம். மறுநாள் காலை இங்கே எனக்கு இடைக்கால மேடை, நடுவர்கள் முன் திட்டத்தை விளக்க வேண்டும். யார் தொடரலாம், யார் கிளம்பலாம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் வர முடியவில்லை.

இதோடு இருக்கும் தாளை அப்பாவிடம் கொடு. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மணி அடித்ததில் இருந்து முப்பத்தைந்து நிமிடத்துக்குள் சோறு இலைக்கு வரும், வராவிட்டால் பொண்ணு வீட்டார் முன்னால் அப்பா நிற்கத் தேவையில்லை, பிறகு நானே அவர்கள் வீட்டுக்குப் போய் நிற்பேன் என்று எழுதியிருக்கிறேன்.

தனேஷ்

*

கல்யாண மண்டபம், ஈப்போ
26 ஏப்ரல் 2026, பிற்பகல்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். இதை மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெருவின் பவித்ரன் அண்ணன் மாலைப் பேருந்தில் கோலாலம்பூர் போகிறார். நாளை நீங்கள் மேடை ஏறுவதற்கு முன் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை உங்கள் திரையில் தெரிந்திருக்கும். சமையற்கட்டு தெரிந்திருக்காது. அதை எழுதுகிறேன்.

நிரல் சொன்னது 540. அப்பா உங்கள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 550 பேருக்குச் சமைத்தார். காலையில் வேனை நானே சோதித்தேன். கித்தானைத் தூக்கிப் பார்த்தேன். “போலீசுகாரி,” என்றார். அடியில் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு 531. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது முஹ்ஸினா கத்தினாள்: “மினி, பஸ்ஸு! பஸ்ஸுலா!”

தொழிற்சாலைப் பேருந்து. மாப்பிள்ளை கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தன்னோடு வேலை செய்பவர்களுக்கு ஒரே ஓர் அட்டையை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வந்திருக்கிறார். பட்டியலில் அது ஓர் அட்டை. நிரல் அதை ஒரு குடும்பம், நான்கு பேர் என்று எடுத்துக்கொண்டது. காலை வேலை முடிந்த ஐம்பத்து நான்கு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள்.

கடைசி எண்ணிக்கை 611. நிரல் எழுபத்தொன்று தவறிவிட்டது. இவ்வளவு தவறியது இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குச் சமையற்கட்டில் தொலைபேசி அடித்தது. நான் வாசலை முஹ்ஸினாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அப்பா தொலைபேசியைப் பார்த்தார், கொதிக்கும் தண்ணீரைப் பார்த்தார். ஒரு நொடி நகரவே இல்லை. பிறகு மூட்டையை வேறு யாரையும் தொட விடாமல் தானே பிரித்தார். அவசரத்தில் கொஞ்சம் அரிசி தரையில் கொட்டியது. மணி பார்த்துச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னேன்.

ஒன்று பதினாறுக்குக் கடைசிப் பந்தி உட்கார்ந்துவிட்டது. இலையில் உப்பும் ஊறுகாயும் வடையும் மட்டும். அப்பா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். அவர் பந்தி நடக்கும்போது வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. வரிசையின் முன்னால் நின்றார்.

“எல்லாரும் மன்னிக்கணும். புதுசா வடிக்கிறோம். சூடா வருது. பத்து நிமிசம்.”

கையுறைத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் சொன்னார்: “சூடாவா? அண்ணே, அப்ப இருவது நிமிசம்கூட இருக்கோம். கேண்டீன்ல நாங்க சூடா தின்னு ஒரு வருசம் ஆச்சு.” வரிசையே சிரித்தது. இன்னொருவர், “அந்த வடைய மட்டும் இன்னொரு ரவுண்டு விடுங்க, அரை மணிகூட இருப்போம்” என்றார். அப்பா தானே தட்டை வாங்கி வடை போட்டார்.

ஒன்று இருபத்தேழுக்குச் சோறு வந்தது. மணி அடித்ததில் இருந்து முப்பத்தொரு நிமிடம். இலை முன்னால் அவர்கள் காத்திருந்தது பதினொரு நிமிடம். பொண்ணோட அப்பா மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது.

ஜெயபாலன் அந்தக் கடைசிப் பந்தியில்தான் இருந்திருக்கிறார். பேருந்துக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கை கழுவிவிட்டுச் சமையற்கட்டுக்கு வந்து தன்னைச் சொல்லிக்கொண்டார்.

“நம்பரு தப்பாயிடுச்சே, அண்ணே?”

“ஆமா, தப்பு,” என்றார் அப்பா. “சோறு வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. இத ஏழு மண்டபத்துலயும் செய்ய முடியுமா?”

“என்னைய கேக்காதீங்க. நான் சமையக்காரன். நாளைக்குக் காலையில மேடையில ஒருத்தன் நிப்பான், அவன கேளுங்க.”

நாளைக் காலை பத்து மணிக்கு அங்கே இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கையெழுத்துப் போடுவார் என்று அவர் சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. ஆனால் வருகிறார்.

மீந்த சோறு ஒன்பது கிலோ. வீட்டில் இருந்து கொண்டுவந்த தராசில் நானே நிறுத்தேன். பத்துமலை மாமா நான்கு டிரம்மோடு வந்து ஒன்றில் மட்டும் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா உங்களுக்கு ஒரு செய்தி எழுதச் சொன்னார். “எழுவத்தொண்ணு தப்புன்னு மேடையில அவனே மொதல்ல சொல்லட்டும். அடுத்தவன் கேட்டுச் சொல்ல வேணாம். அப்புறம் அந்த நோட்டிசு போர்டு கார்டு, அதுக்கு லிஸ்ட்டுல தனியா ஒரு கட்டம் போடச் சொல்லு.” சொல்லிவிட்டு உங்கள் தாளைப் பையில் இருந்து எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டார்.

இப்போது மணி நான்கு. நாற்காலிகளை அடுக்குகிறார்கள். அப்பா தானே ஓர் இலையை விரித்து, மண்டபத்தின் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இன்று வடித்த சோற்றில் கடைசி. தன் சமையலைக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதை நான் இதுவரை பார்த்ததில்லை. ரசம் ஊற்றவா என்று முஹ்ஸினா கேட்டாள். ஊற்றச் சொன்னார். இரண்டாவது தடவையும் ஊற்றச் சொன்னார். மண்டபக் காவலாளி சாவிக் கொத்தோடு வாசலில் நிற்கிறார். அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோடியில் இருந்து வரிசை வரிசையாக விளக்குகளை அணைத்துக்கொண்டே வருகிறார், அப்பா தலை நிமிராமல் சாப்பிடுகிறார், எனக்கு எழுத்து மங்குகிறது, இதோ எங்கள் தலைக்கு மேல் இருந்த விளக்கையும் அணைத்துவிட்டார்.